எதிரணிக்கு இரவலாகப் போன மகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றித் தகப்பன் எழுதினால் எங்கேயாவது ஒரு மூலையில் பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். பெருமை என்பது படைத்தவனுக்கு மட்டுமே உரியது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதுவும் பெண்பிள்ளை மைதானத்தில் ஓடி ஆடிய கதை. ஊரில் நாலு பேர் நாலுவிதமாகப் பேசுவார்கள். எழுத்தும் எனக்குக் கைவந்ததல்ல. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனது. கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் எழுதத் தொடங்குவேன், நாலு வரி வந்ததும் நிறுத்திவிடுவேன். இப்போது மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். சமீபத்தில் அவளிடமே கேட்டேன்.

"எழுதுங்க வாப்பா. ஆனா யாரு பேரும் போடாதீங்க. எம் பேரும்தான்" என்றாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன்.

ஷார்ஜாவில் ஒரு பகாலா வைத்திருக்கிறேன். மளிகைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கடைக்கு மேலேயே வீடு. மகள் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நீளக் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்பின் நுனியில் சின்னதாக ஒரு வலைப்பை. எங்கள் ஊர்க் கடற்கரையில் படகிலிருந்து மீன் அள்ளுகிற கைவலையைப் போலவே இருந்தது.

"என்ன புள்ள இது, இந்தப் பாலைவனத்துல எங்க மீன் அள்ளப் போறே?" என்றாள் என் மனைவி.

"லாக்ராஸ் உம்மா. இந்த வலையில பந்தப் பிடிச்சு ஓடிக்கிட்டே த்ரோ பண்ணணும்."

"ஓடணுமா? யாரு முன்னாடி?"

"கேர்ள்ஸ் கூடத்தான் உம்மா. எல்லாருமே கேர்ள்ஸ்."

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, தலைத்துணி என்று ஒப்பந்தமானது. இழுத்தால் நழுவாத துணியில் மனைவியே தலைக்குத் தைத்துக் கொடுத்தாள். "தலைத்துணி நழுவுச்சுன்னா வெளயாட்டும் நழுவிரும், சொல்லிட்டேன்" என்றாள். அதற்கு மேல்தான் கம்பி போட்ட கண்கவசத்தை மாட்டிக்கொண்டு மகள் ஆடுவாள்.

எனக்கு இந்த ஆட்டம் புரிய ஒரு பருவம் ஆனது. புரிந்தபின் மைதானத்தின் நடுவிலிருந்து கண் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு கோல் விழுந்த பிறகும் அணிக்கு ஒரு பெண்ணாக இரண்டு பேர் நடுவில் குனிந்து நிற்பார்கள். இரண்டு கம்புகளின் வலைகளையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து, நடுவே பந்தை வைப்பார் நடுவர். விசில் ஊதியதும் இருவரும் மேலே இழுப்பார்கள். பந்து வானத்துக்குப் போகும். அது எந்த அணிக்குக் கிடைக்கிறதோ அந்த அணி கோல் போடப் போகும். இதற்கு டிரா என்று பெயர். டிராவில் கைதேர்ந்த பெண் ஒருத்தி இருந்தால் போதும், எதிரணிக்குப் பந்தே கிடைக்காது.

அல்லாஹ் என் மகளின் மணிக்கட்டில் அதை வைத்திருந்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் வம்சத்தில் ஆண்களே பந்து ஆடியதில்லை. அவளோடு கூடப் பழகியது ஓர் எகிப்துப் பெண், அவளுடைய உயிர்த்தோழி. கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் மாலை மஃக்ரிப் தொழுகைக்கு முன்பு இரண்டு பேரும் குனிந்து நின்று இழுத்து இழுத்துப் பழகுவார்கள். பந்து பல தடவை என் முட்டை அட்டைமேல் வந்து விழுந்திருக்கிறது.

இனி அரசியலைச் சொல்ல வேண்டும். சின்னப் பெண்களின் ஆட்டத்தில் என்ன அரசியல் என்று நானும் நினைத்தேன்.

இங்கே இந்த ஆட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கிளப்புகள்தான். மகள் சேர்ந்தது ஷார்ஜாவில் ஒரு சின்னக் கிளப். துபாயில் ஒரு பெரிய கிளப். சொந்தப் புல்தரை, வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், பெயர் அச்சடித்த பைகள். சின்னக் கிளப்புகளில் எந்தப் பெண் நன்றாக ஆடினாலும் அடுத்த பருவத்தில் அவள் அங்கே நிற்பாள். பிறகு அவர்கள் மற்ற அணிகளைக் கோல்மேல் கோலாக அடிப்பார்கள். அடி வாங்கிய பிள்ளைகள் அழுதுகொண்டே ஜூஸ் குடிப்பார்கள். சில பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். நாலு கோல் பின்தங்கிய அணிக்கு டிரா இல்லாமலே பந்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவியது, அவ்வளவுதான். "ஒரே கிளப்பில் இத்தனை பேரா, இரண்டு அணியாகப் பிரியுங்கள்" என்று எல்லாரும் கேட்டார்கள். பிரித்தார்கள். தங்கத்தை ஒரு பெட்டியிலும் தகரத்தை இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பிரித்தார்கள்.

இதனால் சின்ன அணிகளுக்கு எப்போதும் ஆள் குறைவு. ஆள் குறைந்து வந்தால் எதிரணி தன் பெண்களில் ஒருத்தியை அந்த ஆட்டத்துக்கு மட்டும் இரவல் கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் யாரைக் கொடுப்பது என்பது கொடுக்கிறவர் கையில் இருந்தது. ஒருமுறை எங்களுக்குப் பெரிய கிளப் கொடுத்த பெண் அதற்கு முந்தின வாரம்தான் கம்பு வாங்கியவள். பாவம், ஆட்டம் முழுக்கத் தன் அம்மாவுக்குக் கைகாட்டிக்கொண்டே நின்றாள்.

எங்கள் அணிக்கு மேனேஜராக இருந்தவர் ஒரு மலையாளி. கப்பல் கம்பெனியில் வேலை. அவர் மகள்தான் எங்கள் கோல்கீப்பர். அவர் அன்றைக்குப் பெற்றோர்கள் கூடுகிற டீக் கூடாரத்தில் எழுந்து நின்று ஒரு பிடி பிடித்தார். பக்கத்தில் நின்ற என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இந்த இக்காக்குக் கடை உண்டு. தக்காளி கேட்டு வர்றவங்களுக்கு இவரே அழுகினதாப் பாத்து எடுத்துக் கொடுத்தா நீங்க வாங்குவீங்களா? வாங்குறவன்தான் பொறுக்கணும்!" என்றார். ஆங்கிலத்திலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே விதி மாறியது. ஆள் குறைந்த அணியின் பயிற்சியாளரே எதிரணியில் யார் வேண்டும் என்று காட்டலாம். காட்டிய பெண்ணைக் கொடுக்க வேண்டும். அடிபட்டிருந்தால் மட்டும் விலக்கு. பெரிய கிளப்புக்கு நல்ல கடிவாளம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். நான் கொண்டுபோயிருந்த சமோசாவை வெற்றிச் சமோசா என்று சொல்லித் தின்றார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் துபாயில் போட்டி. தோஹாவிலிருந்தும் ஓர் அணி வந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் அந்த வருடம்தான் யாரும் விட்டுப் போகாமல் சேர்ந்து நின்றார்கள். என் மகளைக்கூடப் பெரிய கிளப் கூப்பிட்டது. "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். காலையில் நடந்த ஆட்டத்தில் பெரிய கிளப்பின் இரண்டாவது அணியை எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். கூடாரமே ஆடிப்போனது. பிற்பகலில் தோஹாவை வென்றால் இறுதி ஆட்டம். எங்கள் கிளப் பிறந்ததிலிருந்து இறுதி ஆட்டத்தைத் தொட்டதில்லை.

தோஹாப் பிள்ளைகளுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று பேர் படுத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். ஏழு பேர்தான் நின்றார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் சூடான் நாட்டு டீச்சர் ஒருவர். வெள்ளை முக்காடு, மெல்லிய குரல். எங்கள் பயிற்சியாளரான கனடாப் பெண்ணிடம் வந்து சலாம் சொல்லி, தயக்கத்தோடு கையை நீட்டினார். அந்த விரல் என் மகளைக் காட்டியது. காலையில் அவள் டிரா எடுத்ததை அவர் பார்த்திருக்கிறார்.

மலையாளி தலையில் கைவைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். "என்டெ ஈஸ்வரா. அந்த ரூல் கொண்டுவந்தது நான்தானே!"

கொஞ்ச நேரத்தில் எழுந்து என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "இக்கா, காலு சுளுக்குன்னு சொன்னா மதி. மோளு ரெண்டு தடவை நொண்டினாப் போதும். டீச்சர் வேற ஆளக் காட்டிப்பாங்க. அடுத்த நிமிஷம் சுளுக்கு சரியாயிடும்."

அவருக்குப் பின்னால் நாலைந்து பெற்றோர்கள். பாகிஸ்தான் பெண்மணி ஒருவர், பிள்ளைகள் எல்லாரும் எவ்வளவு பாடுபட்டார்கள், பாய்ஜான் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்று உருதுவில் கெஞ்சினார். அவர் கண் கலங்கியிருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. தத்தம் பிள்ளைக்காகத்தான் கேட்டார்கள்.

"மச்சான், பொய் சொல்லச் சொல்றாங்களா?" என்றாள் மனைவி.

"சொல்லச் சொல்லல. நொண்டச் சொல்றாங்க."

"வாயி சொன்னா என்ன, காலு சொன்னா என்ன?"

எங்கள் பயிற்சியாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பெண்ணே முடிவு செய்யட்டும் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். மகள் தூரத்தில் தன் தோழிகளோடு நின்றாள். அவர்களும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள் போல. ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், எகிப்துப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு என் கடை வேனுக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டேன். ஸஜ்தாவில் நெற்றி வைத்து, "ரப்பே, அந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுவிடாதே" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் தோஹாவின் மெரூன் நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, கண்கவசத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போறியாம்மா?" என்றேன்.

"அவங்க கேட்டிருக்காங்க வாப்பா. எனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு."

"ஒங் கூட்டாளிங்க?"

எகிப்துப் பெண்ணைக் கண்ணால் காட்டினாள். "இப்ப அவதான் நம்ம சைடுக்கு டிரா எடுக்கப் போறா. தினம் என்கூட எடுக்கறவ. நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக்கூட அவளுக்குக் கையிலேயே தெரிஞ்சிரும். அப்புறம் அவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது? தோக்கறதவிட அது மோசம் வாப்பா."

ஓடிப்போய்விட்டாள். இரவல் கொடுத்த பொருளும் அமானிதம், நம்பி ஒப்படைத்தது, வாங்கியவரிடம் அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று இதை நான் வேறு சொல்லால் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட எளிதாகச் சொல்லிவிட்டாள்.

நடுவில் இரண்டு பேரும் குனிந்தார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் எத்தனையோ மாலைகளில் பார்த்த அதே குனிதல். விசில். பந்து மேலே போய் மெரூன் பக்கம் விழுந்தது. எங்கள் பக்கம் பெற்றோர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் மட்டும், "தாயி, நம்ம புள்ளைங்க இந்தப் பக்கம் நிக்குது, மறந்துட்டியா!" என்று கத்தினார். இரண்டொருவர் சிரித்தார்கள். மலையாளி அவரைத் திரும்பிப் பார்த்து, "சேட்டா, மிண்டாதிரி" என்றார். வாயை மூடச் சொன்னார்.

பந்து கிடைத்தாலும் தோஹாப் பிள்ளைகளுக்குக் கோல் போடத் தெரியவில்லை. மலையாளியின் மகள் எல்லாவற்றையும் தடுத்தாள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த கொஞ்சப் பந்துகள் உள்ளே போயின. முதல் பாதியில் எங்கள் அணி மூன்று கோல் முன்னால். எனக்கு இரண்டு மனம். எங்கள் பிள்ளைகள் வெல்ல வேண்டும், என் பிள்ளையும் தோற்கக் கூடாது. இப்படி ஒரு துஆவை எப்படிக் கேட்பது? தஸ்பீஹ் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் தோஹா ஒவ்வொன்றாக ஏறி வந்தது. அப்போதுதான் எகிப்துப் பெண் கம்பைப் பிடிக்கும் விதத்தை மாற்றினாள். கீழ்க்கையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, இழுக்காமல் தள்ளினாள். பந்து எங்கள் பக்கம் வந்து விழுந்தது. என் மகளிடமிருந்து அவள் டிராவைப் பிடுங்கியதை நான் அதுவரை பார்த்ததில்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால், வாயில் மாட்டிய பற்கவசத்தோடு, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோழியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மாஷா அல்லாஹ்! தோற்ற ஒரு பிள்ளை இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா? அதன்பிறகு ஒன்றை இவள் எடுத்தாள், ஒன்றை அவள் எடுத்தாள். பெற்றோர்கள் எந்த அணி என்பதை மறந்து ஒவ்வொரு டிராவுக்கும் எழுந்து நின்றார்கள். அடுத்த மைதானத்தில் ஆட்டம் முடித்த பெரிய கிளப்புப் பிள்ளைகளும் வந்து கோட்டோரமாக உட்கார்ந்தார்கள்.

கோல்கள் சமமாகி, ஆட்டம் முடிகிற நேரம். கடைசி டிரா. விசில் ஊதியதும் பந்து நேரே மேலே போனது. என் மகள் எம்பி, தானே அதைத் தன் வலையில் வாங்கினாள். ஓடினாள். கோல் எதிரே இருந்தது. மலையாளியின் மகள் அவளை நோக்கி முன்னால் வந்தாள். அடித்திருக்கலாம். அடிக்காமல் இடப்பக்கம் தனியாக நின்ற ஒரு குட்டிப் பெண்ணுக்குத் தள்ளினாள். தோஹா அணியிலேயே சின்னவள். ஆட்டம் முழுக்க அவளுக்கு யாரும் பந்து கொடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோலத்தான் இருந்தது. உள்ளே போய்விட்டது.

எங்கள் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சில பேர் அழுதார்கள். தோஹாப் பிள்ளைகள் என் மகளைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் நின்று எங்கள் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக எதிரெதிரே நடந்து ஒருவர் கையை ஒருவர் தட்ட வேண்டும். மகள் மெரூன் வரிசையின் கடைசியில் நின்றாள். வரிசைகள் நகர்ந்தன. அவள் தன் சொந்தத் தோழிகளின் எதிரே ஒவ்வொருத்தியாக வந்தாள். முதல் பெண் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவள் கையே நீட்டவில்லை. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மகள் நீட்டிய கையை மடக்காமல் அடுத்தவளிடம் போனாள். அங்கே எகிப்துப் பெண் நின்றாள். அவள் கையைத் தட்டவில்லை, பிடித்துக்கொண்டாள். பிடித்துத் தன் பக்கம் இழுத்து, தனக்குப் பின்னால் எங்கள் வரிசைக்குள் நிறுத்தினாள். "யல்லா, உன் இடம் இங்கே" என்று அரபியில் சொன்னது எனக்கே கேட்டது.

எங்கள் வரிசை கடைசிவரை நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு எகிப்துப் பெண் என்ன சொன்னாளோ, எங்கள் பிள்ளைகள் எல்லாரும் திரும்பித் தோஹாப் பிள்ளைகளை நோக்கி மறுபடியும் ஒருமுறை நடந்தார்கள். மெரூன் சட்டையோடு என் மகள் இந்த முறை எங்கள் வரிசையில் வந்து தோஹாக் கைகளைத் தட்டினாள். வரிசை கலைந்ததில், கை நீட்டாத பெண் இப்போது அவளுக்கு நேர் முன்னால் நடந்தாள்; நடக்கும்போதே தன் கையைப் பின்னால் நீட்டினாள். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். சூடான் டீச்சர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். ஸுப்ஹானல்லாஹ் என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது.

மலையாளி வந்து என் பக்கத்தில் நின்றார். "நல்ல ரூல் இக்கா" என்றார். பிறகு, "நாசமாப்போன நல்ல ரூல்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்திலும் தோஹாவுக்கு ஆள் குறைவு. பெரிய கிளப்பிலிருந்து ஒரு பெண்ணைக் காட்டினார் டீச்சர். அவள் வந்தாள், ஆனால் கோட்டோரத்திலிருந்து அவள் கிளப்பின் ஆட்கள் கண்ணாலேயே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கை வராதவள்போல ஆடினாள். தோஹா பெரிய வித்தியாசத்தில் தோற்றது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, குழந்தைதானே. ஆட்டம் முடிந்து அவள் தனியாகப் பைமேல் உட்கார்ந்திருந்தாள், கோப்பை வாங்கப் போகவில்லை. என் மகள் ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிடச் சிலர் பேசினார்கள். எங்கள் பிள்ளைகளே வந்து வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். இருந்தது.

ஆனால் நடந்தது வாய்க்கு வாய் மாறிவிட்டது. ஷார்ஜாவில் ஒருவர், கத்தார்க்காரர்கள் உங்கள் மகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று என் கடையிலேயே நின்று கேட்டார். பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பள்ளிவாசல் வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க புள்ளதான் கத்தாருக்குக் கப்பு வாங்கிக் குடுத்துச்சாமே, பத்துக் கோலாமே!" என்றார். இன்னொரு இடத்தில் அவள் கோபித்துக்கொண்டு சொந்த அணியைப் பழிவாங்கியவள் ஆகிவிட்டாள். எது கேட்டாலும் மகள் சிரிப்பாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அதனால்தான் கடைசியில் எழுதத் துணிந்தேன்.

அன்றைக்கு அவள் ஒரு கோல்கூடப் போடவில்லை. கோப்பை தோஹாவுக்குப் போகவில்லை. எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள், அழுதார்கள், அழுதுகொண்டே அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இதை நீங்கள் யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். என் மகளை வானத்து மலக்காக ஆக்கிவிடாதீர்கள், நொண்டச் சொன்னவர்களை ஷைத்தானாகவும் ஆக்கிவிடாதீர்கள். அந்த எகிப்துப் பெண்ணை மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.